சுண்டெலிக்கும் குளிரும்

ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்வார்கள். என் அண்ணன் மகள் கூடவே ஒரு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டாள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியதும் அதைச் சன்னலோரம் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கல்லாறு வரைக்கும் 21 டிகிரியில் நின்ற அளவு, பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு வண்டி ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்தது.

"அந்த 21 இருக்குதுங்களே சித்தப்பா, அதுதான் எங்க எலி ரூம்ல வெக்கிற அளவு. நமக்கு அது சுகம். அதுங்களுக்கு அது மார்கழி" என்றாள்.

வெளிமாநில ஆய்வுக்கூடம் ஒன்றில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள். சுண்டெலியின் தோலுக்கடியில் வளரும் கட்டியைக் கதிரியக்கச் சர்க்கரை செலுத்திப் படமெடுப்பது அவள் வேலை. புதிய மருந்து ஒன்று கட்டியை அடக்குகிறதா என்பதை எலியை அறுக்காமலே பார்க்க இது ஒரு வழி. ஒரே எலியை இந்த வாரமும் அடுத்த வாரமும் படமெடுத்து ஒப்பிடலாம். மருந்து மனிதனுக்கு வருவதற்கு முன்னால் கடக்கிற வாசல்களில் இதுவும் ஒன்று. இங்கே அளவு தப்பினால் நல்ல மருந்து குப்பைக்குப் போகும், உதவாத மருந்து மேலே ஏறும். நான் அவளோடு மலை ஏறியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். படத்தில் கட்டி எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைக் கட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதை விவரமாகக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

புற்றுச் செல்கள் சர்க்கரையை வெறியோடு உறிஞ்சும் என்பதை ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். அந்த வெறியையே விளக்காக ஏற்றிப் பார்க்கும் முறை பின்னால் வந்தது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓரிடத்தை மாற்றி ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்துகிறார்கள். எஃப்டிஜி என்று பெயர். செல் அதைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே விடும். சர்க்கரையை உடைக்கும் வேலையின் முதல் படி நடக்கும், அடுத்த படி நடக்காது. உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும். அணு சிதையும்போது பாசிட்ரான் வெளிவந்து, பக்கத்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்களாகப் பாயும். அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை கிளம்பிய இடத்தைக் கணக்கிடுவதுதான் பெட் ஸ்கேன். 1976-இல் புரூக்ஹேவனில் தயாரித்த எஃப்டிஜியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இந்தியாவில் இதற்கான முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் இயங்கத் தொடங்கியது.

ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடம். நாங்கள் உட்கார்ந்திருந்த ரயில் 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அடர்லி பக்கம் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தபோது அவள் கணக்குப் போட்டாள். மேட்டுப்பாளையத்தில் 100 பங்கு எஃப்டிஜி மருந்தோடு ஏறினால், ஊட்டியில் இறங்கும்போது 15 பங்குதான் மிஞ்சும். மூன்று மணி நேரத்தில் ஏறிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு. மலைவாசிகள் பெரும்பாலும் கோவைக்கு இறங்கித்தான் இந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மருந்துக்குக் காத்திருக்கத் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

எலியறையிலும் இதே அவசரம்தான். ஊசி போட்ட நேரம், சிரிஞ்சில் தங்கிப்போன மிச்சம், படமெடுத்த நேரம் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். அரை ஆயுள் கணக்கை வைத்துச் சிதைவைத் திருத்திக்கொள்ளலாம். ஊசி தவறியதைத் திருத்த முடியாது. சுண்டெலிக்கு வாலின் பக்கவாட்டில் ஓடும் நரம்பில்தான் ஊசி போடுவார்கள். நூலிழை மாதிரிதான் இருக்கும் அந்த நரம்பு, குளிரில் இன்னும் சுருங்கும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் வால் பிரகாசமாக எரியும், கட்டி மங்கும். அதனால் முதலில் வாலை வெதுவெதுப்பாக்க வேண்டும். இதைச் சொல்லும்போது தன் இடது கை ஆள்காட்டி விரலையே வாலாக நீட்டி, எந்தச் சாய்வில் ஊசி இறங்க வேண்டும் என்று காட்டினாள். ஒரு கடுகளவு விலகினால் முழுநாள் வேலையும் வீண்.

குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்கா பக்கம் போனோம். பூக்களைப் பார்ப்பதைவிட எதிரே உள்ள பாஸ்டர் நிலையத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் ஆசை. 1907-இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காகத் தொடங்கிய நிலையம் அது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸின் பணம் அதற்கு உதவியது. ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்த காலத்தையும் பார்த்தது, செல் வளர்ப்பு முறைக்கு மாறிய காலத்தையும் பார்த்தது.

எனக்கு அந்த வளாகம் முக்கியமாகப் படுவது இன்னொரு காரணத்தால். 1918-இல் இங்கே ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கேரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசி தின்ற புறாக்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார். பிறகு எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபில் சீக்கியர் உண்ணும் கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் முளைகட்டிய பயறும் காய்கறியும், இன்னொன்றுக்கு வங்காளத்து உணவு, மற்றொன்றுக்குச் சென்னை மாகாணத்து அரிசிச் சோறு என்று வளர்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் வளர்ச்சியில் முதலில் நின்றன. நம் மாகாணத்து உணவு தின்றவை கடைசியில் நின்றன. 1928-இல் அந்த அறை ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958-இல் அது ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. எலி எதைத் தின்றது என்று கேட்காமல் எலியின் உடம்பைப் பற்றிப் பேச முடியாது என்பதைக் குன்னூர் நூறு வருடத்துக்கு முன்பே நிறுவிவிட்டது. இங்கே ஒரு பெயர்ப்பலகையாவது அந்த எலிகளுக்கு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என் அண்ணன் மகளின் வேலையிலும் தீனிதான் முதல் கேள்வி. எஃப்டிஜியும் ரத்தத்தில் உள்ள சாதாரணச் சர்க்கரையும் செல்லுக்குள் போவது ஒரே வாசல் வழியாக. பந்தியில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வந்தவருக்கு இலை கிடைக்காது. எலி வயிறு நிறையத் தின்றிருந்தால் ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும், கட்டிக்குள் போகும் எஃப்டிஜி குறையும். சுரக்கிற இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் தள்ளிவிடும், படம் முழுக்கத் தசையாகத் தெரியும். அதற்காக மனிதரை வைப்பதுபோல ராத்திரி முழுக்கப் பட்டினி போடவும் முடியாது. சுண்டெலி 20, 25 கிராம் எடையுள்ள உயிர். ராத்திரியில்தான் அது பெரும்பாலும் தின்னும். ஒரு ராத்திரிப் பட்டினியில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். அறையும் குளிர்ந்திருந்தால் உடம்பைத் தணித்துக்கொண்டு ஒருவித உறக்கத்தில் விழும். பட்டினியால் ஒரு பிழை நீங்கும், இன்னொன்று முளைக்கும். சில மணி நேரப் பட்டினி, தண்ணீர் தடையில்லாமல், பகலில். அவர்கள் கூடத்தில் அப்படித்தான் வழக்கம்.

பூங்காவுக்குக் கீழே ஒரு டீக்கடையில் வர்க்கி தின்றுகொண்டு இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியம்மா. எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பெட் ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பினார்.

"நானும் கோயமுத்தூர்ல எடுத்தேன் பாப்பா. ஊசி போட்டுட்டு ஒரு மணி நேரம் தனி ரூம்ல படுக்க வெச்சாங்க. பேசாதீங்க, நடக்காதீங்க, போன் பாக்காதீங்கன்னாங்க. போர்வை மேல போர்வையா போத்துனாங்க. நான் மலைக்காரி, இதெல்லாம் எனக்கு ஒரு குளிரான்னு கேட்டேன். உங்களுக்குக் குளிராட்டியும் படம் கெட்டுப்போயிரும்னாங்க. அது ஏன்னு யாரும் சொல்லல."

என் அண்ணன் மகள் டீயை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உடம்பில் சேமிப்புக்கான வெள்ளைக் கொழுப்பு தவிர, சூடு உண்டாக்குவதற்கென்றே பழுப்புக் கொழுப்பு ஒன்றும் இருக்கிறது, குளிர் பட்டால் அது சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கத் தொடங்கும், கழுத்தோரமும் காறை எலும்புக்கு மேலும் அது இருக்கிறது, அங்கே மருந்து போய்ச் சேர்ந்தால் புற்றுநோய் பரவிய மாதிரியே படத்தில் தெரியும் என்று விளக்கினாள். பேசினால் தொண்டைத் தசை, நடந்தால் கால் தசை எரியும். கைக்குழந்தைக்கு மட்டுமே என்று நெடுங்காலம் நம்பிய பழுப்புக் கொழுப்பு வளர்ந்தவர்களிடமும் வேலை செய்கிறது என்பதை 2009-இல் ஒரே மருத்துவ இதழில் சேர்ந்து வந்த மூன்று கட்டுரைகள் உறுதிசெய்தன. அதைக் காட்டிக்கொடுத்ததே இந்தப் படங்கள்தான்.

பெரியம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எலிக்கும் போத்துவீங்களா?"

"சூடு தர்ற மெத்தை இருக்குதுங்கம்மா" என்றாள் இவள். "ஆனா எல்லா எடத்துலயும் போடறதில்ல."

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் ஊட்டி போகிற வழியெல்லாம் பேச்சு. அருவங்காடு, கேத்தி தாண்டும்போது பள்ளத்தாக்கில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் அதில் போகவில்லை. 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று செய்து பார்த்ததை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வகைக் கட்டி வைத்த சுண்டெலிகள். ஒரு கூட்டத்தை அறைக் குளிரிலேயே, தின்னவிட்டு, மயக்கம் தராமல் வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தைச் சில மணி நேரம் பட்டினி வைத்து, 30 டிகிரிச் சூட்டில் இருத்தி, ஐசோஃப்ளூரேன் வாயுவால் மயக்கிப் படமெடுத்தார்கள். முதல் கூட்டத்தில் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு எரிந்தது, தசை எரிந்தது, கட்டி எங்கோ மங்கலாக இருந்தது. இரண்டாம் கூட்டத்தில் கட்டி வாங்கிக்கொண்ட எஃப்டிஜி 4 மடங்கு கூடியது. சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒப்பிட்டால் 17 மடங்கு வரை வித்தியாசம். கட்டி அதே கட்டி. மாறியது எலியைப் பார்த்துக்கொண்ட விதம் மட்டும்.

ஒரு மருந்து கட்டியின் பசியைப் பாதியாகக் குறைத்தால் அதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடுகிறோம். எலியைப் பார்த்துக்கொள்ளும் விதமே நாலு மடங்கு ஆட்டிவைக்குமானால் அந்தப் பாதியை எப்படி நம்புவது?

மயக்க மருந்திலும் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கெட்டமினோடு சைலசீனைக் கலந்து ஊசி போட்டால், சைலசீன் இன்சுலின் சுரப்பை அடக்கி ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். கட்டி மங்கும். ஐசோஃப்ளூரேன் பரவாயில்லை, ஆனால் இதயத்தின் பிரகாசத்தைக் கூட்டும். எதைக் கொடுத்தாலும் மயங்கிய எலியின் உடம்பு நிமிடங்களில் குளிர்ந்துவிடும். அதற்கென்று சூடு கட்டாயம். கட்டியிலும் விஷயம் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் கட்டியென்றால் கருவியின் கூர்மையே அந்த அளவுதான் என்பதால் உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் தாண்டிய கட்டியில் நடுப்பகுதிக்கு ரத்தம் போகாமல் செல்கள் செத்துக் கிடக்கும், ஓரம் மட்டும் எரியும். புண்ணோ அழற்சியோ இருந்தால் அங்கே கூடும் வெள்ளணுக்களும் சர்க்கரை தின்னும்.

ஊட்டியில் இந்து நகர் பக்கம் போனபோது பழைய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்த இடத்தைக் காட்டினேன். 1960-இல் நிறுவிய ஆலை, பின்னாளில் நாட்டுக்கே எக்ஸ்ரே ஃபிலிம் செய்து கொடுத்தது. தூசியில்லாத, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக இந்த மலையைத் தேர்ந்தார்கள். பெட் கருவிகள் வருவதற்கு முன்னால் எலியின் திசுவை மெல்லிசாகச் சீவி எக்ஸ்ரே ஃபிலிமின் மேல் வைத்துத்தான் கதிரியக்கம் எங்கே தங்கியது என்று பார்த்தார்கள். ஃபிலிமுக்கு ஒத்துக்கொண்ட குளிர் எலிக்கு ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் விடியலில் தலைக்குந்தா போனோம். புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெப்பமானியைப் புல்லில் வைத்தோம், பூஜ்யத்துக்குக் கீழே போனது. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளின் மேல் மிலார் செடிகளைப் பந்தலாகப் போட்டு மூடியிருந்தார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தோட்டக்காரர்கள் செய்கிற வேலை. தேயிலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பனி பட்ட செடிகள் வெயில் ஏறியதும் கருகிப்போகும்.

குளிர் எலியின் கட்டியைப் படத்தில் மட்டும் மாற்றுவதில்லை என்பதையும் அங்கே நின்றுகொண்டுதான் கேட்டேன். 2013-இல் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தார், வழக்கமான 22 டிகிரியிலும் எலிக்கு இதமான 30 டிகிரியிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். இதமான சூட்டில் இருந்த எலிகளின் நோயெதிர்ப்புச் செல்கள் நன்றாகப் போரிட்டன, கட்டி மெதுவாக வளர்ந்தது. 2022-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தார் நேர் எதிர்த்திசையில் ஒன்றைக் கண்டார்கள். 4 டிகிரிக் கடுங்குளிரில் வைத்தபோது பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை எல்லாம் இழுத்துக்கொள்ள, கட்டி பட்டினி கிடந்து தளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக முதலில் தோன்றும். அப்படியில்லை. 22 டிகிரி என்பது ஓயாமல் உறுத்துகிற குளிர், கட்டியின் சர்க்கரையைப் பறிக்கிற அளவுக்குக் கடுமையானதல்ல. 4 டிகிரி என்பது வேறு உலகம். உலகத்து எலியறைகளில் பெரும்பாலானவை இந்த 22-ஐச் சுற்றியே இருக்கின்றன. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டு வேலை செய்கிற மனிதருக்கு வியர்க்காத அளவு அது.

நம் நாட்டில் ஆய்வு விலங்குகளுக்கு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மேற்பார்வைக் குழு உண்டு. அதன் வழிகாட்டுதல் விலங்கறைக்கு 18 முதல் 29 டிகிரி வரை இடம் தருகிறது. 18-இல் ஒரு கூடம், 29-இல் ஒரு கூடம். இரண்டும் விதிப்படி நடப்பவையே. ஒரே கட்டியை இரண்டிலும் படமெடுத்தால் இரண்டு பதில் வரும். தவறு செய்தவர் யாருமில்லை. ஆனால் கட்டுரையில் "அறை வெப்பநிலையில் வைக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், படிக்கிறவர் எதை எதோடு ஒப்பிடுவார்? விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் நெறிமுறைகள், விலங்கு வாழ்ந்த நிலையையும் எழுதச் சொல்கின்றன. என் கருத்து இன்னும் கடுமையானது. கூண்டின் சூடு, பட்டினி நேரம், மயக்க மருந்து, படமெடுத்தது பகலா இரவா என்ற நாலும் இல்லாத எலிப் படத்தை ஆதாரமாக ஏற்கக் கூடாது. மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கும், கேட்காமலே உயிரைக் கொடுக்கும் எலிக்கும் அந்தக் குறைந்தபட்சக் கணக்கையாவது நாம் காட்ட வேண்டும்.

ராக்லேண்ட்ஸில் 1980-இல் தொடங்கிய ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரியின் பக்கமாக இறங்கி வந்தோம். மருந்து படிக்கிற பிள்ளைகள் மப்ளர் சுற்றிக்கொண்டு கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். செலவில்லாமல் இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். எல்லாக் கூடத்துக்கும் சூடு தரும் மெத்தையும் 30 டிகிரி அறையும் வாங்கக் கட்டுப்படியாகாது.

"இருக்குதுங்க சித்தப்பா. கூண்டுல காகிதத் துண்டு போட்டா போதும். ஒரு கூண்டுக்கு எட்டு, பத்து கிராம். அதுங்களே கிழிச்சுக் கூடு கட்டிக்கும். தனியா அடைக்காம நாலஞ்சு சேத்து விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கும். ஸ்கேனுக்கு முன்னால ஒரு மணி நேரம் மட்டும் 30 டிகிரில வெக்கணும். அதுக்கு ஒரு சின்னப் பெட்டியும் பல்பும் இருந்தா ஆச்சு, கூட ஒரு வெப்பமானி. சூடு ஏறிப்போனா அதுவும் கொல்லும்."

"உங்க கூடத்துல செய்யறீங்களா கண்ணு?"

"மெத்தை இருக்குது. கூடு கட்டக் காகிதம் போடறதில்ல. துப்புரவு பண்றவங்களுக்கு வேலை கூடும்னு நிறுத்தினாங்க. போனதும் அவங்ககிட்டயே உக்காந்து பேசணும். அவங்க ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும்."

சேரிங்கிராஸ் வந்ததும் கோவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து, பழைய பதிவுகளில் அறைச் சூடு குறிக்காத நாட்கள் எவை என்று தேதி தேதியாகக் கோடிடத் தொடங்கினாள். பர்லியார் வரை நிமிரவில்லை.